சரிப்படாது

பூபாலன் சார் ஆன்லைன் மீட்டிங்கில் இருக்கிறார், முடிய அரை மணி நேரம் ஆகும், உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு அந்த இளம் ஆசிரியை வகுப்புக்குத் திரும்பிப் போய்விட்டாள். நான் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஓய்வு பெற்றுப் போன தலைமையாசிரியையை அவள் எதற்குத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அறைக்கு வெளியே சுவரை ஒட்டிக் கிடக்கும் இந்த பெஞ்சில் நான் இதுவரை உட்கார்ந்ததே இல்லை. பதினாலு வருஷம் உள்ளே உட்கார்ந்திருந்தேன். வெளியே ஒரு பெஞ்சு கிடக்கிறது என்று தெரியும், அதில் ஆட்கள் காத்திருப்பார்கள் என்றும் தெரியும், ஆனால் இங்கே உட்கார்ந்தால் உள்ளே பேசுவது ஒரு சொல் விடாமல் காதில் விழும் என்பது இன்றைக்குத்தான் தெரிகிறது. நெட்வொர்க் சரியில்லை போல. சார், கேக்குதா, சார், என் குரல் கேக்குதா என்று பூபாலன் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறார். கதவு சாத்தித்தான் இருக்கிறது. அப்படியானால் அந்தக் காலத்தில் நான் உள்ளே பேசியதெல்லாம். வேண்டாம், இப்போது அது வேண்டாம், வந்த வேலையைப் பார்க்க வேண்டும். பக்கத்தில் மாரீஸ்வரி பெஞ்சின் நுனியில் மட்டும் உட்கார்ந்திருக்கிறாள், முழுதாக உட்கார்ந்தால் யாராவது வந்து எழுப்பிவிடுவார்கள் என்பது மாதிரி. தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்ப்பவள், இன்றைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அவள் முழங்கால்களுக்கு நடுவில் மகிஷா நிற்கிறது. எட்டு வயது, பார்த்தால் ஐந்துதான் சொல்லலாம். பேச்சு வரவில்லை. சந்தோஷம் வந்தால் மூக்கால் ஒரு முனகல், பயம் வந்தாலும் அதே முனகல், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மாரீஸ்வரிக்கு மட்டும்தான் தெரியும். பிள்ளைக்கு இந்தப் பள்ளிக்கூடத்து யூனிபார்ம் போட்டுக் கூட்டி வந்திருக்கிறாள். நான் அதைப் பார்த்ததைப் பார்த்துவிட்டு, "பக்கத்து வீட்டுப் பிள்ளையோடது டீச்சர். சின்னதாப் போச்சுன்னு குடுத்தாங்க. போட்டுக் கூட்டிட்டுப் போனா ஒரு இதுவா இருக்கும்லா" என்றாள். ஆமாம்மா, நல்லா இருக்கு என்றேன். ரிப்பனைக்கூட எங்கேயோ தேடிப்பிடித்து அதே நிறத்தில் கட்டியிருக்கிறாள்.

சாலமன் வந்திருக்க வேண்டும். அவன்தான் சங்கத்தை நடத்துகிறான். அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்து நடத்துகிற சிறிய சங்கம், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் ஒற்றை அறை. அவன் தங்கைக்கும் இதே குறைதான், முப்பத்தோரு வயது, அந்த அறையிலேயே ஒரு மூலையில் பாய் போட்டு உட்கார்ந்து நாள் முழுக்கப் பேப்பரைச் சின்னச் சின்னதாகக் கிழித்துக்கொண்டிருப்பாள். ஓய்வு பெற்ற மறு வருஷம் சாலமன் என்னைத் தேடி வந்தபோது கையெழுத்துக்காகத்தான் வந்தான். டீச்சர், உங்க கையெழுத்துல ஒரு மனு போனா ஆபீசர் எடுத்து வாசிப்பான், எங்க கையெழுத்துல போனா குப்பைக்குப் போயிருது என்றான். எனக்கும் பொழுது போகவில்லை. மகன் ஓசூரில், அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், எவ்வளவு நேரம் டிவி பார்ப்பது. மனு எழுதினேன். அடையாள அட்டை கேட்டு, சக்கர நாற்காலி கேட்டு, உதவித்தொகை நின்றுபோன காரணம் கேட்டு, எட்டு வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். ஊரில் என்னைப் பற்றி நல்லபடியாகத்தான் பேசுகிறார்கள். டீச்சர் புண்ணியம் தேடுறாங்க என்கிறார்கள். நேற்று சாயங்காலம் சாலமன், நானும் வாரேன் டீச்சர், நீங்க மட்டும் போனா அந்தாளு நைசாப் பேசியே அனுப்பிருவாரு என்றான். வேண்டாம் சாலமன், அது என் ஸ்கூல், அவர் என்கிட்ட வேலை பார்த்தவர், நீங்க வந்து சட்டம் பேசினா முறைச்சுக்குவார், நான் தனியாப் போனாத்தான் காரியம் நடக்கும் என்றேன். அவன் நம்பிவிட்டான். நான் சொன்னால் எல்லாரும் நம்பிவிடுகிறார்கள். முப்பத்துநாலு வருஷம் பிள்ளைகள் முன்னால் நின்று பேசிப் பேசி என் குரலுக்கு அப்படி ஒரு பழக்கம் வந்துவிட்டது, பொய் சொன்னாலும் பாடம் நடத்துவது போலவே இருக்கும். எந்தப் பிள்ளையையும் பள்ளிக்கூடம் சேர்க்காமல் அனுப்பக் கூடாது என்கிற சட்டத்தைச் சாலமன் போட்டோகாப்பி எடுத்து முக்கியமான இடங்களில் மஞ்சள் அடித்துக் கொடுத்திருக்கிறான். கைப்பையில் இருக்கிறது. கடைசியாக மாடிப்படியில் நின்று ஒன்று சொன்னான். "பேரு ஏத்திக்கிறேன்னு சொல்லுவாரு. வீட்டுவழிக் கல்வின்னு போட்டுட்டு, பிள்ளைய வீட்லயே வெச்சுக்கச் சொல்லுவாரு. அங்கதான் டீச்சர் விடக்கூடாது. பேரு நமக்கு வேண்டாம். பிள்ளை வகுப்புல போய் உக்காரணும்." சரி சாலமன் என்றேன். விடமாட்டேன் என்றேன்.

ஏன் அவனை வரவிடவில்லை என்பது எனக்குத் தெரியும். பூபாலன் வாயிலிருந்து அது வந்துவிடக்கூடாது. சாலமன் பக்கத்தில் இருக்கும்போது வந்துவிடக்கூடாது. அவ்வளவுதான். அதற்காக ஒரு பிள்ளையின் காரியத்தில், சண்டை போடத் தெரிந்த ஆளை வீட்டில் உட்கார வைத்துவிட்டு, முட்டி வலியோடு நான் வந்து உட்கார்ந்திருக்கிறேன். மூன்றாம் வகுப்பில் ஏழாம் வாய்ப்பாடு சொல்கிறார்கள். ஏழு ஏழு நாற்பத்தொன்பதில் இரண்டு மூன்று குரல் முந்திக்கொண்டு ஓடுகிறது, மீதிப் பிள்ளைகள் பின்னால் வந்து சேருகிறார்கள். மகிஷா தலையைச் சாய்த்து அதைக் கேட்கிறது. முனகல் வருகிறது. மாரீஸ்வரி என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள், ஆக இது சந்தோஷ முனகல். அந்தப் பையன் கத்தினான். அதுதான் வித்தியாசம். இல்லை, அது வித்தியாசம் இல்லை, நானாகக் கண்டுபிடித்துக்கொள்கிறேன். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஜூன் மாதம், அட்மிஷன் நடந்துகொண்டிருந்தது. செந்தட்டி என்று பெயர். ஏழு வயது. அவன் அம்மா பேர் உலகம்மாள், கல்யாண மண்டபங்களில் பாத்திரம் கழுவப் போகிறவள். பையன் உள்ளே வந்ததும் மேஜை மேல் இருந்த கைமணியை எடுத்து அடித்தான், அடித்துக்கொண்டே இருந்தான், நான் வாங்கி வைத்ததும் கத்தினான். பூபாலனுக்கு அப்போது இருபத்தொன்பது வயது இருக்கும், வேலைக்கு வந்து இரண்டாம் வருஷம், ஒன்றாம் வகுப்பு அவரிடம்தான். கத்துகிற பையனைத் தூக்கி வராந்தாவில் கொண்டுபோய் மரத்தில் இருந்த அணிலைக் காட்டினார். பையன் அடங்கினான். திரும்பி வந்து, டீச்சர், சேத்துக்கலாம், நான் பாத்துக்கிறேன் என்றார். எனக்கு அந்த நிமிஷம் அவர் மேல் கோபம் வந்தது. இப்போதும் நினைவிருக்கிறது, பையன் மேல் இல்லை, அவர் மேல். இவ்வளவு லேசாகச் சொல்கிறானே, நாளைக்கு இவன் டிரான்ஸ்பரில் போய்விடுவான், நான்தானே இருக்கப் போகிறேன் என்று. உலகம்மாளை வெளியே உட்காரச் சொன்னேன். வெளியே என்றால் இதே பெஞ்சு. கதவைச் சாத்திவிட்டுப் பூபாலனிடம் பேசினேன். ஒரு பிள்ளைக்காக நாப்பது பிள்ளைகள விட முடியாது பூபாலன். இது பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி இல்ல. பரிதாபப்பட்டா அதோட நிக்கணும், அதை அட்டெண்டன்ஸ்ல எழுத முடியாது. இப்படியெல்லாம் சொன்னேன். நன்றாகச் சொல்கிறோம் என்றுகூட அப்போது நினைத்துக்கொண்டேன். பிறகு கதவைத் திறந்து அந்த அம்மாவைக் கூப்பிட்டுப் பக்குவமாக, ரொம்பப் பக்குவமாக, இவனுக்குப் பள்ளிக்கூடம் சரிப்படாதும்மா என்றேன். அவள் தலையை ஆட்டினாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. இத்தனை வருஷமும், எவ்வளவு எளிதாகப் புரிந்துகொண்டாள் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் புரிந்துகொள்ளவில்லை. இங்கே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். ஆஸ்பத்திரி இல்ல என்பதை, நாப்பது பிள்ளைகள் என்பதை, எல்லாவற்றையும். இந்த இடத்தில்தான், அல்லது மாரீஸ்வரி இருக்கும் அந்த நுனியில், பையனை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு. நான் கதவைத் திறந்தபோது அவளுக்குக் கேட்க எதுவும் மிச்சமில்லை. கால் மரத்துப்போகிறது. நீட்டி மடக்கினால் கொஞ்சம் தேவலை.

"டீச்சர், தண்ணி குடிக்கியளா?" என்று மாரீஸ்வரி பாட்டிலை நீட்டுகிறாள். வேண்டாம்மா. முகம் ஒரு மாதிரி இருக்கே என்கிறாள். வெயில்ல நடந்து வந்தது என்கிறேன். மகிஷா என் கையைப் பிடித்து வளையலை மேலும் கீழும் தள்ளிப் பார்க்கிறது. கை சூடாக, எச்சில் ஈரமாக இருக்கிறது. கையை இழுத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றி, இழுக்காமல் வைத்திருக்கிறேன். எட்டு வருஷமாகச் சங்கத்தில் இருக்கிறேன், இன்னும் தோன்றுகிறது. யாரிடமும் சொல்ல முடியாத விஷயம் இது. சாலமனின் தங்கை ஓடிவந்து கட்டிக்கொள்ளும்போதும் உடம்பு ஒரு நொடி விறைத்துத்தான் பிறகு இளகுகிறது. அந்த ஒரு நொடி சாலமனுக்குத் தெரியுமா. தெரியாமல் இருக்குமா, பார்த்துப் பார்த்து வளர்ந்தவன். மூன்று வருஷம் முன்பு வீடு வீடாகக் கணக்கெடுத்தோம். சங்கத்துக்குத் தெரியாமல் எத்தனை பேர் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள் என்று பார்ப்பதற்காக. எனக்கு வடக்குப் பக்கம் நாலு தெரு. கையில் ஃபாரம், கழுத்தில் சங்கத்தின் அட்டை. கடைசித் தெருவில் ஓட்டு வீடு. உள்ளே ஜன்னல் கம்பியில் சேலைத் துணியைத் திரித்துக் கட்டி, மறுமுனை ஒரு ஆளின் கணுக்காலில். இருபத்துமூன்று வயது ஆள். தாடி இருந்தது. கைலியை ஒரு பக்கம் சுருட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். நான் ஃபாரத்தில் பெயர் என்று எழுதியிருக்கும் இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு, பேரு என்னம்மா என்று கேட்டேன். பின்கட்டிலிருந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தவள், "டீச்சர் வாங்க, உக்காருங்க. செந்தட்டி டீச்சர். மறந்துட்டீங்களா, நீங்க பாத்த பிள்ளைதான்" என்றாள். நாற்காலி இல்லை, ஒரு பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்துப் போட்டாள். அதில் உட்கார்ந்தேன். ஏம்மா கட்டி வெச்சிருக்கீங்க என்று கேட்டேன். அதைக் கேட்க எனக்கு வாய் வந்தது பாருங்கள். வேலைக்குப் போகணும்ல டீச்சர், ஒரு தடவை ரோட்டுல லாரிக்கு முன்னால போய் நின்னுட்டான், அதுக்கப்புறந்தான் என்றாள். வேற ஸ்கூல் எதுலயும் பாக்கலயா என்றேன். உலகம்மாள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "நீங்கதான அன்னைக்கே சொல்லிட்டீங்க, இவனுக்குச் சரிப்படாதுன்னு. நீங்க சொன்னதுக்கப்புறம் எங்க போய்க் கேக்கச் சொல்லுதீங்க."

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால். நான் எத்தனையோ தடவை அந்த வாக்கியத்தை வேறு வேறு விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், காபி ஆற்றும்போது, பஸ்ஸில், பல் தேய்க்கும்போது. எங்க போய்க் கேக்கச் சொல்லுதீங்க. கோபமாகச் சொன்னாளோ, குத்திக் காட்டினாளோ. இல்லை. டாக்டர் சொன்ன பத்தியத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்தவள் மாதிரி சொன்னாள். நான் சொன்னதை அவள் ஒரு நாள்கூட மீறவில்லை. வேறு யாராவது, ஒரு குணங்கெட்ட ஹெட்மாஸ்டர், போம்மா அந்தப் பக்கம் என்று விரட்டியிருந்தால் அவள் அடுத்த பள்ளிக்கூடத்துக்குப் போயிருப்பாள். நான் பக்குவமாகச் சொன்னேன். அதனால் போகவில்லை. அன்றைக்கு ஃபாரத்தை நிரப்பிக் கொண்டுபோய்ச் சாலமனிடம் கொடுத்தேன். அவன் மறுநாளே போய்ப் பார்த்துவிட்டு வந்து தங்கை பக்கத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். பகல்நேர மையம் ஒன்று இருக்கிறது, பதினெட்டு வயது வரைக்கும்தான் எடுப்பார்கள். மதுரைப் பக்கம் ஒரு ஹோம், அங்கே வெயிட்டிங் லிஸ்ட். சங்கத்து அறைக்கே கூட்டி வந்தோம், இரண்டு நாள் இருந்தான். ஜனக் கூட்டத்தைப் பார்த்துத் தலையைச் சுவரில் மோதினான், நெற்றி கிழிந்துவிட்டது. உலகம்மாளே வந்து, விடுங்க சார், அவனுக்கு வீடுதான் பழக்கம் என்று கூட்டிப் போனாள். சாலமன் அன்றைக்கு என்னிடம் கேட்டான், சின்ன வயசுலயே யாராவது சேத்திருந்தா இப்படி ஆகியிருக்க மாட்டான்ல டீச்சர், எந்த ஸ்கூல்ல கேட்டாங்களாம், அந்தம்மா ஏதாவது சொல்லுச்சா. சொல்லலையே சாலமன் என்றேன். உலகம்மாளும் அவனிடம் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றுகிறாள் என்று கொஞ்ச நாள் நினைத்திருந்தேன். காப்பாற்றவில்லை, அதில் சொல்வதற்கு எதுவும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. தெரிந்தது நான், அவள், பூபாலன். மூன்றே பேர். மாசம் ஒரு தடவை அந்த வீட்டுக்கு பிஸ்கெட் வாங்கிக்கொண்டு போகிறேன். அவன் என்னைப் பார்ப்பதில்லை. பிஸ்கெட்டை எடுத்துக்கொள்கிறான்.

நாற்காலி நகர்கிற சத்தம். கதவைத் திறந்துகொண்டு பூபாலனே வெளியே வருகிறார். "அய்யோ டீச்சர், நீங்களா? வெளியிலயா உக்காந்திருந்தீங்க? யாரும் சொல்லலையே. வாங்க, வாங்க." தலை நரைத்துவிட்டது, கண்ணாடி போட்டிருக்கிறார். மாரீஸ்வரி எழுந்து நின்று கும்பிடுகிறாள். அவர் பிள்ளையைப் பார்க்கிறார், யூனிபார்மைப் பார்க்கிறார், அந்தப் பார்வையிலேயே அவர் எல்லாவற்றையும் முடித்துவிட்டது எனக்குத் தெரிகிறது. நானும் அப்படித்தான் பார்ப்பேன். முதல் பார்வையில் முடித்துவிட்டு, அதற்கப்புறம் பத்து நிமிஷம் விசாரிப்பேன். மாரீஸ்வரியிடம், நீங்க இங்கயே இருங்கம்மா, நான் டீச்சர்கூடப் பேசிடறேன் என்கிறார். கதவைச் சாத்துகிறார். சாத்த வேண்டாம் என்று சொல்ல நினைக்கிறேன். சாத்தினால் வெளியே கேட்கும், திறந்திருந்தாலும் கேட்கும், எதைச் சொல்வது. மேஜை அதே மேஜை. கைமணி இல்லை, இப்போது எலெக்ட்ரிக் பெல். மனுவைக் கொடுக்கிறேன். வாசிக்கிறார், என் கையெழுத்தைத் தடவிப் பார்க்கிறார், "முத்து முத்தா எழுதுவீங்க டீச்சர்" என்கிறார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொல்கிறார்: ஒன்றிலிருந்து மூன்று வரைக்கும் ஒரே டீச்சர். இரண்டு பேரை டெபுடேஷனில் எடுத்துவிட்டார்கள். ஆயா போஸ்ட் ஆறு வருஷமாகக் காலி. பிள்ளை டாய்லெட் சொல்லுமா. சொல்லாது என்கிறேன். கேட் எப்போதும் திறந்துதான் கிடக்கிறது, வாட்ச்மேன் கிடையாது, பக்கத்தில் பைபாஸ். எல்லாம் உண்மை. ஒன்றுகூடப் பொய் இல்லை. நான் மஞ்சள் அடித்த காகிதத்தை எடுத்து மேஜையில் வைக்கிறேன். அவர் அதைத் தொடாமல் சிரிக்கிறார். "தெரியும் டீச்சர். முடியாதுன்னு சொன்னா என் வேலைக்கு ஆபத்து. நான் முடியாதுன்னு சொல்லவே இல்லயே. பேரு ஏத்திக்கிறேன். வீட்டுவழிக் கல்வின்னு போட்டுருவோம். ஸ்பெஷல் டீச்சர் வாரம் ஒரு நாள் வீட்டுக்கே போய்ச் சொல்லிக்குடுப்பாங்க. யூனியன் முழுக்க ஒரே ஆள், முன்ன பின்ன ஆகும். ஆனா போவாங்க."

இந்த இடம்தான். சாலமன் மாடிப்படியில் நின்று சொன்ன இடம். பேரு வேண்டாம் பூபாலன், பிள்ளை வகுப்புல உக்காரணும். இதைச் சொல்ல வேண்டும். ஒரு மணி நேரமாவது உட்காரட்டும், அம்மா கூடவே இருக்கட்டும், சங்கத்திலிருந்து நாங்கள் ஆள் அனுப்புகிறோம் என்று சொல்ல வேண்டும். வாக்கியம் முழுதாக என்னிடம் இருக்கிறது, வாயைத் திறக்கிறேன். அதற்குள் பூபாலன் நாற்காலியில் சாய்ந்து, ஏதோ பழைய நல்ல விஷயத்தைச் சொல்வது போல ஆரம்பிக்கிறார். "ஒரு விஷயம் சொல்லணும் டீச்சர். ரொம்ப நாளா உங்களப் பாத்தா சொல்லணும்னு. நான் வந்த புதுசுல ஒரு பையன் வந்தான்ல, மணி அடிச்சான். நான் பாத்துக்கிறேன்னு துள்ளுனேன். நீங்க கதவச் சாத்திட்டுச் சொன்னீங்க, ஒரு பிள்ளைக்காக நாப்பது பிள்ளைகள விட முடியாதுன்னு. அன்னைக்கு வீட்டுக்குப் போய் எங்க அம்மாகிட்ட, இந்த டீச்சருக்கு ஈரமே இல்லன்னு சொன்னேன். மன்னிச்சிருங்க. இந்த நாற்காலியில உக்காந்த பெறகுதான் புரிஞ்சுது. இப்பவும் யாராவது வந்தா நீங்க சொன்னதத்தான் சொல்லுதேன்." மெதுவாகத்தான் சொன்னார். பாராட்டு அது. கண்ணில் மரியாதை இருந்தது. யாராவது வந்தால் என்றால் எத்தனை பேர். அவர் ஹெட்மாஸ்டரான இந்த நாலு வருஷத்தில் எத்தனை பேர் அந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். கேட்கவில்லை. கேட்டால் ஒரு எண் சொல்வார், அதை நான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். "அந்தப் பையன் இப்ப எங்க இருக்கான் டீச்சர்? உங்களுக்குத் தெரியுமா? நீங்க இந்தச் சங்கத்துல எல்லாம் இருக்கீங்களே." ஃபேன் சுற்றுகிறது. சுவரில் காமராஜர் படத்துக்குக் கீழே ஒரு பல்லி. வடக்குப் பக்கம் கடைசித் தெரு, ஓட்டு வீடு, ஜன்னல் கம்பி. வாங்க பூபாலன், இங்கேயிருந்து பத்து நிமிஷ நடை, போய்ப் பார்த்துவிட்டு வருவோம், அப்புறம் மனுவைப் பற்றிப் பேசுவோம். அதைச் சொல்லியிருந்தால் அந்த மனிதர் எழுந்து வந்திருப்பார், எனக்குத் தெரியும், அணிலைக் காட்டிய ஆள் அவர், அது உள்ளே எங்கேயோ கிடக்கும். வந்திருப்பார். உலகம்மாள் அவருக்கும் ஒரு குடத்தைக் கவிழ்த்துப் போட்டிருப்பாள். "தெரியாது பூபாலன்" என்றேன். "எங்கயாவது நல்லா இருக்கட்டும்" என்றார் அவர். ஆமா என்றேன். அந்த ஆமாவுக்குப் பிறகு என்னிடம் எந்த வாக்கியமும் மிச்சமில்லை. அவர் ரிஜிஸ்டரை எடுத்துப் பெயர், பிறந்த தேதி, ஆதார் எல்லாவற்றையும் எழுதினார். கடைசிக் கட்டத்தில் வீட்டுவழி என்று பென்சிலில் சிறிதாகப் போட்டார். நான் மஞ்சள் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அவர் வாசல்வரை வந்து, படி பாத்து டீச்சர் என்றார்.

பெஞ்சு காலியாக இருக்கிறது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் போய்விட்டாளோ என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன். பயமா அது, நிம்மதியா. போயிருந்தால் நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை அல்லவா. அப்படியும் ஒரு நினைப்பு வருகிறது, வந்ததை என்ன செய்வது. சாப்பாட்டு மணி அடித்திருக்கிறது, எனக்குக் கேட்கவே இல்லை. பிள்ளைகள் தட்டோடு வராந்தா முழுக்க ஓடுகிறார்கள், சாம்பார் வாசனை, அலம்புகிற தண்ணீர்ச் சத்தம். சமையல் கூடத்தின் பக்கம் வேப்பமரத்தடியில் பிள்ளைகள் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வரிசையின் கடைசியில் மகிஷா. அதே யூனிபார்ம், அதே ரிப்பன். யூனிபார்ம் போட்ட பிள்ளைகளைப் பார்த்து அதுவாகவே போய் உட்கார்ந்துவிட்டது போல. முன்னால் யாருடையதோ ஒரு தட்டு. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளை மகிஷாவின் பாவாடை தரையில் படாமல் இழுத்துவிடுகிறாள், பிறகு தன் சோற்றைப் பிசைய ஆரம்பிக்கிறாள். ஒரு விசேஷமும் இல்லை. பிள்ளைகள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாப்பது பிள்ளைகள். சமையல்கார அம்மா வாளியோடு வந்து நின்று, "இது யாரு பிள்ளை, பேரு இருக்கா?" என்கிறாள். மரத்துப் பக்கம் நின்றிருந்த மாரீஸ்வரி நான் வருவதைப் பார்த்துவிட்டு என் முகத்தையே பார்க்கிறாள். பேரு ஏத்தியாச்சு என்று நான்தான் சொன்னேன். அது ஒன்றுதான் சொல்வதற்கு இருந்தது, உண்மையாகவும் இருந்தது. "ஏத்தியாச்சுக்கா. மகிஷா. ஒண்ணாப்பு" என்று மாரீஸ்வரி அந்த அம்மாவிடம் சொல்கிறாள், குரல் உடைகிறது. தட்டில் சோறு விழுகிறது, முட்டை விழுகிறது. மகிஷா முட்டையைக் கையில் எடுத்துக் கன்னத்தில் வைத்துச் சூடு பார்க்கிறது. முனகல். எனக்கே இப்போது வித்தியாசம் தெரிகிறது.

மாரீஸ்வரி என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். கும்பிடப் போனாள், நான் தடுத்தேன், அதனால் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆபீஸ்ல சொல்லிட்டேன் டீச்சர். திங்கக்கிழமையிலருந்து முழு நாளும் வந்துருதேன்னு. இவளப் பாத்துக்க ஆளில்லாம இவ்வளவு நாளா மத்தியானத்தோட ஓடி வந்துக்கிட்டிருந்தேன், சூப்பர்வைசர் ஏசிக்கிட்டேதான் இருந்தாரு. திங்கக்கிழமை எத்தன மணிக்குக் கூட்டிட்டு வரணும்?" வெயில் இலை வழியாக அவள் முகத்தில் விழுந்து விழுந்து நகர்கிறது. திங்கக்கிழமை வேண்டாம்மா என்கிறேன். "சரி டீச்சர். அப்ப செவ்வாக்கிழமையா?" என்கிறாள். இல்லம்மா. அவள் காத்திருக்கிறாள். பக்குவமாகச் சொல்வது எப்படி என்று மனசு தேட ஆரம்பிக்கிறது. பழகிய கை சாமானைத் தேடுவது மாதிரி அது தானாகவே தேடுகிறது, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கிறது, வீட்ல வெச்சு நல்லா பாத்துக்கலாம்மா, டீச்சரே வீடு தேடி வருவாங்கம்மா. ஒன்றையும் எடுக்கவில்லை. பேரு மட்டும்தான் ஏத்தியிருக்காங்க மாரீஸ்வரி, பிள்ளைய வகுப்புல வெச்சுக்க மாட்டாங்க, வாரத்துல ஒரு நாள் ஒரு டீச்சர் வீட்டுக்கு வருவாங்கன்னு சொல்றாங்க, அதுவும் சந்தேகந்தான், உள்ள நான் சண்டை போட்டிருக்கணும், போடல, என்னால முடியல. அவ்வளவையும் சொன்னேன். சாலமன் சார கூட்டிட்டு மறுபடி வரலாம் என்றும் சொன்னேன். ரிஜிஸ்டரில் ஏறிய பிறகு சாலமன் வந்து என்ன செய்வான். ஒன்றும் நடக்காது, தெரிந்துதான் சொன்னேன். மாரீஸ்வரி அழவில்லை. என் கையை விட்டாள், வெடுக்கென்று இல்லை, மெதுவாகத்தான். பிள்ளைப் பக்கம் போய்க் குத்தவைத்து, பக்கத்துப் பிள்ளையின் தட்டில் மகிஷா சிந்தியிருந்த சோற்றைப் பொறுக்கி எடுத்தாள். முட்டையை வாங்கி உடைத்து ஒரு துண்டை ஊட்டினாள். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, என்னை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்.

"சாப்ட்டு முடிக்கட்டும் டீச்சர். முடிச்சதும் கூட்டிட்டுப் போயிருதேன்."